ஒரு நம்பர் பெருசா எடுக்காதீங்க

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு எது எடுத்தாலும் ஒரு அளவு பெரிசாகத்தான் எடுப்போம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது தைக்கிற பாவாடை கணுக்காலைத் தொடும். அடுத்த வருஷம்தான் அது சரியான உயரத்துக்கு வரும். தீபாவளிச் சட்டையின் கையை முதல் வருஷம் முழுக்க மடித்துவிட்டபடியே ஓட்டுவோம். செருப்பும் அப்படித்தான். "வளர்ற புள்ள, ஒரு நம்பர் பெருசாவே குடுங்க" என்று சேலம் கடைவீதியில் சொல்லாத அம்மா கிடையாது. காசு மரத்திலா காய்க்கிறது? இந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் இது ஆகவே ஆகாது. ஹாக்கி ஸ்கேட்ஸ்.

"சேலத்துல ஏதுங்க ஐஸு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள், நான் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஏற்காட்டுக் குளிருக்கே ஸ்வெட்டர் தேடுகிற ஊர் நம்முடையது. ஹாக்கி என்றால் நமக்குக் கோவில்பட்டி ஞாபகம் வரும், புல்தரை ஞாபகம் வரும். ஆனால் சக்கரத்தின் மேல் ஆடுகிற ஹாக்கியும் இருக்கிறது, அதிலும் இரண்டு வகை. முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நாலு சக்கரம் வைத்த ஸ்கேட் போட்டு, குட்டை மட்டையால் உருண்டைப் பந்தை அடிப்பது ரோலர் ஹாக்கி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, அர்ஜென்டினாக்காரர்கள் இதில் பெரிய ஆட்கள். சக்கரம் நாலும் ஒரே வரிசையில் இருக்கிற ஸ்கேட் போட்டு, நீள மட்டையால் 'பக்' என்கிற தட்டையான வட்டைத் தள்ளுவது இன்லைன் ஹாக்கி. இது ஐஸ் ஹாக்கியின் தம்பி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த ஓல்சன் சகோதரர்கள், ஐஸ் இல்லாத கோடையிலும் பயிற்சி செய்ய வேண்டும் என்று 1980 வாக்கில் பிடித்துக்கொண்ட சமாசாரம்தான் பிறகு ரோலர்பிளேடு என்று உலகமெல்லாம் போனது. இந்திய ரோலர் ஸ்கேட்டிங் சம்மேளனம் இரண்டு வகைக்குமே தேசியப் போட்டி நடத்துகிறது.

என் மகள் ஆடுவது இரண்டாவது வகை. வெயில் ஏறுவதற்கு முன்னால் சிமென்ட் தரையில் ஆடி முடித்துவிட வேண்டும். ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிற கூட்டம் சேலம், நாமக்கல் இரண்டு ஊரிலும் உண்டு. அதில் ஹாக்கி மட்டையைத் தூக்குகிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் ஸ்கேட்டிங் வேகப் போட்டியில் 1000 மீட்டரிலும் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் உலக சாம்பியன் ஆனார் இல்லையா, அந்த வாரம் மைதானத்தில் வேறு பேச்சே இல்லை. கையோடு ஒரு அப்பா, ஆனந்த்குமார் போடுகிற மாதிரி பூட்டே தன் பையனுக்கும் வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பையன் ஆடுவது ஹாக்கி.

அவரை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வேகப் போட்டிக்கான ஸ்கேட் கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும், தாழ்ந்த பூட். நேராகப் பாய வேண்டும், ஒரே பக்கம் வளைய வேண்டும், கணுக்கால் சுதந்திரமாக இருக்க வேண்டும். ஹாக்கி அப்படி இல்லை. ஓடுகிற வேகத்தில் சட்டென்று நிற்க வேண்டும், நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டும், பின்பக்கமாக ஓட வேண்டும், பக்கத்தில் ஒருத்தன் தோளால் இடிப்பான். இன்லைன் ஹாக்கி ஸ்கேட்டில் பிரேக்கும் கிடையாது. சின்னப் பிள்ளைகளின் ஸ்கேட்டில் குதிகாலுக்குப் பின்னால் ரப்பர்க் கட்டை ஒன்று இருக்குமே, அது இதில் இல்லை. சக்கரத்தைக் குறுக்கே திருப்பித் தரையில் தேய்த்துத்தான் நிற்கவேண்டும். அப்படித் திருப்பும்போது கால் திரும்பி பூட் திரும்பாமல் நின்றால், சுளுக்குத்தான். அதனால்தான் ஹாக்கி பூட் கணுக்காலுக்கு மேல்வரை உயர்ந்து, இரண்டு பக்கமும் கெட்டியாக இருக்கிறது. அந்தக் கெட்டித்தன்மைக்காகத்தான் காசு கொடுக்கிறோம். பூட்டுக்குள் கால் தொளதொளவென்று கிடந்தால் கொடுத்த காசு முழுக்க வீண்.

பெரிய பூட் போட்ட பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கணுக்காலும் உள்பக்கமாகச் சரிந்து, முட்டி இரண்டும் இடித்துக்கொண்டு நிற்கும். "கால்ல வலு இல்லைங்க" என்பார்கள். நாமக்கல் பக்கமாக இருந்தால் உடனே வைத்தியமும் தயார்: தினம் ரெண்டு முட்டை. முட்டை கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் முதலில் லேஸை அவிழ்த்துப் பூட்டுக்குள் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குக் கோளாறு காலில் இல்லை, குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில்தான். குதிகால் பிடிமானம் இல்லாமல் ஆடும்போது விரல்கள் தாமாகவே சுருண்டு உள்ளங்காலைக் கவ்விப் பிடிக்கும். அரைமணி நேரத்தில் உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும். வலி என்றதும் என்ன செய்வோம்? அடுத்த தடவை இன்னும் பெரிய பூட் வாங்குவோம்!

இப்போது நம்பர் கணக்கு. நம் ஊர் ஷூக்கடையில் சொல்கிற 6, 7, 8 எல்லாம் பிரிட்டிஷ் நம்பர். அமெரிக்க நம்பர் ஆண்களுக்கு அதைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதல். வட அமெரிக்கக் கம்பெனிகளின் ஹாக்கி ஸ்கேட் நம்பரோ, அந்த அமெரிக்க ஷூ நம்பரிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை குறைவு. கடையில் 7 போடுகிற ஒருவர் அமெரிக்கக் கணக்கில் 8, ஸ்கேட்டில் 6.5 அல்லது 7. சுற்றி வளைத்துப் பார்த்தால் நம் ஷூ நம்பரே, அல்லது அதற்கு அரை நம்பர் குறைவு. ஆன்லைனில் அமெரிக்க அட்டவணையையும் ஐரோப்பிய அட்டவணையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, அதற்கு மேல் 'வளர்ற புள்ள' என்று ஒன்றைக் கூட்டி ஆர்டர் போட்டால், வருகிற பெட்டிக்குள் இரண்டு கால் போகும். ஒரு முழு நம்பர் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் எட்டரை மில்லிமீட்டர். செருப்பில் அது ஒன்றுமில்லை. ஸ்கேட்டில் அது ஒரு விரல் போகிற சந்து.

ஆனால் நம் ஊரில் நீளத்தைவிடப் பெரிய பிரச்சனை அகலம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதத்தை 3டி ஸ்கேனரில் அளந்தது. இந்தியர்களுக்கென்றே தனி ஷூ அளவு முறை ஒன்றை உருவாக்குவதற்காகச் செய்த வேலை அது. 'பா' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பாரதத்தின் முதல் எழுத்து. அளந்து பார்த்ததில் தெரிந்தது: ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்முடையது அகலம். அகலம் பத்தாத ஷூவைப் போட முடியாமல் நாம் நீளத்தில் ஒன்றைக் கூட்டி வாங்கிப் பழகிவிட்டோம். இன்னொன்றும் அந்தக் கணக்கெடுப்பில் வந்தது, அம்மாக்கள் கவனிக்க வேண்டியது. பெண்களின் பாதம் பதினோரு வயது வாக்கில் வளர்ச்சியின் உச்சத்தில் இருக்கிறது, ஆண்களுக்குப் பதினைந்து பதினாறு வயதில். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கும் பையனுக்கும் ஒரே 'வளர்ற புள்ள' கணக்கு போட முடியாது.

இதோடு சேர்த்து ஒரு பழைய ஆய்வையும் நினைத்துக்கொள்வேன். மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் 2300 குழந்தைகளின் பாதத் தடத்தை எடுத்துப் பார்த்து 1992இல் வெளியிட்டது. ஷூ போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். விரலை மூடுகிற ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். எங்கள் தலைமுறை ராசிபுரம், மல்லூர்ப் பக்கம் செருப்பில்லாமல் வரப்பில் ஓடி வளர்ந்தது. இன்றைக்கும் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கிவிடும். நல்ல விஷயம்தான், கால் அதன் போக்கில் வளர்கிறது. விரல்கள் விசிறி விரிந்திருக்கும், உள்ளங்கால் வளைவு நன்றாக இருக்கும், அதனால் புறங்காலும் கொஞ்சம் மேடாக இருக்கும். கனடாக்காரன் குளிருக்குப் பிறந்தது முதல் மூடியே வைத்திருக்கிற காலுக்குச் செய்த அச்சில் இது எப்படி நுழையும்?

நுழையும், அகலம் பார்த்து வாங்கினால். பாவர் கம்பெனி 1927இல் கனடாவின் கிச்சனர் ஊரில் ஸ்கேட் செய்யத் தொடங்கியது. இன்றைக்கு அவர்கள் ஒரே நீளத்தில் மூன்று வகைக் கால் அமைப்புக்குப் பூட் தருகிறார்கள்: ஃபிட் 1 ஒடுக்கம், 2 நடுத்தரம், 3 அகலமும் உயரமும். சிசிஎம் கம்பெனியில் டேப்பர்டு, ரெகுலர், வைடு. பழைய மாடல்களில் டி என்றால் சாதாரண அகலம், டபுள் இ என்றால் அகலம் கூட. இதைப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பான். நம் ஊர்க் கடைக்காரரிடம் "டபுள் இ இருக்குங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மேலும் கீழும் பார்ப்பார். அதற்காகக் கேட்காமல் இருக்கக் கூடாது. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு வரவழைத்து வைப்பார்.

அளவு எடுக்கிற விதம் சுலபம். சாயங்காலம் எடுங்கள், நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கும். சுவரில் குதிகாலை ஒட்டி, ஒரு தாளின் மேல் முழு பாரத்தையும் போட்டு நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் அளவு குறையும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து வரையுங்கள். நீளத்தையும், கட்டைவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை இருக்கிற அகலத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் ஒன்றாக இருக்காது, பெரிய காலின் அளவுதான் கணக்கு. நம்பரைச் சொல்லாமல் இந்த மில்லிமீட்டரைச் சொல்லித்தான் கடையில் பேச வேண்டும்.

பூட் கைக்கு வந்ததும் முதலில் லேஸை நன்றாகத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டுக் காலை நுழைக்கணும். சக்கரத்தின் பின்பக்கத்தைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் குதிகால் அதன் குழிக்குள் போய் உட்காரும். இதைச் செய்யாமலே பிள்ளைகள் லேஸ் கட்ட ஆரம்பித்துவிடும், கடைப் பையனும் பார்த்துக்கொண்டு நிற்பான். கட்டி முடித்து நேராக எழுந்து நின்றால் கட்டைவிரல் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். "முட்டுதும்மா" என்று பிள்ளை சொன்னதும் பதறக் கூடாது. முட்டியை மடக்கி, ஆடுகிற தோரணையில் குனியச் சொல்லுங்கள். குதிகால் பின்னால் போய், விரல் சுவரை விட்டு விலகும். அப்படி விலகினால் நீளம் சரி. குனிந்த பிறகும் முட்டினாலோ விரல் மடங்கினாலோ சின்னது. நிமிர்ந்து நிற்கும்போதே விரலைத் தாராளமாக ஆட்ட முடிந்தால் பெரிசு. சந்தேகமாக இருந்தால் லேஸை அவிழ்த்துக் காலை முன்னால் தள்ளிவைத்து, குதிகாலுக்குப் பின்னால் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் கஷ்டப்பட்டுப் போனால் போதும். இரண்டு விரல் போனால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள். வளர்கிற பிள்ளைக்கு அரை நம்பர் வரைக்கும் விடலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

புறங்கால் மேட்டுக்கு ஒரு சோதனை இருக்கிறது, இதை யாரும் செய்வதில்லை. லேஸ் கட்டாமல் காலை உள்ளே வைத்து, மேலிருந்து மூன்றாவது லேஸ் ஓட்டைக்கு நேராக ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் இரண்டு பக்க விளிம்பிலும் படிந்து உட்கார்ந்தால் ஆழம் போதும். நடுவில் புறங்கால் அதைத் தூக்கிப் பிடித்தால் பூட் ஆழம் பத்தாது. அதை இறுக்கிக் கட்டினால் கணுக்கால் மடங்குகிற இடத்தில் லேஸ் வெட்டும், பாதம் மரத்துப் போகும். எத்தனை மாதம் போட்டாலும் இது பழகாது. வேறு பூட்தான் பார்க்கணும்.

நான் வேலை பார்ப்பது நாமக்கல்லில், லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில், கணக்கெழுதுகிற வேலை. கம்பெனியிலிருந்து வருவது மொட்டைச் சேஸிஸ்தான். முட்டை ஏற்றுகிறவருக்கு ஒரு மாதிரி, சரக்கு ஏற்றுகிறவருக்கு ஒரு மாதிரி, உயரம் அகலம் பார்த்து இங்கேதான் பாடி ஏறும். ஸ்கேட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் கச்சிதமாகப் பொருந்துகிற பூட் அபூர்வம். சேஸிஸ் சரியாக இருக்க வேண்டும், அதாவது நீளமும் அகலமும் ஆழமும். மிச்ச வேலை வீட்டில்.

அந்த மிச்ச வேலையில் முதலாவது சூடு. நடுத்தர விலைக்கு மேல் இருக்கிற ஹாக்கி பூட் பலவும் சூடுபண்ணிக் காலுக்கு ஏற்றபடி படியவைக்கிற மாதிரி வருகிறது. வெளிநாட்டுக் கடையில் இதற்கென்றே ஓவன் வைத்திருப்பான், 80 டிகிரி வாக்கில் சில நிமிடம் வைத்து எடுப்பான். இளகிய பூட்டைப் போட்டு, லேஸை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, முட்டி விரலுக்கு நேராக வருகிற மாதிரி பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். எழுந்து நடக்கக் கூடாது. கழற்றிய பிறகு ஒரு நாள் முழுக்கப் போடக் கூடாது. இதைக் கேட்டதும் எங்கள் தெரு பேக்கரிக்காரர் "நம்ம அடுப்புல வெச்சுக் குடுக்கறங்க்கா" என்றார், பாசக்காரர். பன் வேகிற அடுப்பு இருநூறு டிகிரி. அங்கே வைத்தால் பூட் பாகாகிவிடும். வீட்டு ஓவனில் வெப்பத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தால் செய்யலாம், அதுவும் கம்பெனி புத்தகத்தில் சூடுபண்ணலாம் என்று போட்டிருந்தால் மட்டும். பிளாஸ்டிக் ஓடு போட்ட ஸ்கேட்டுக்கு இந்த வேலையே கிடையாது. ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சித்திரை வெயிலில் சேலத்தில் ஆடுகிற காலின் சூட்டுக்கே பூட் மெல்ல மெல்லப் படிந்துவிடும், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் மூடிய காருக்குள் மத்தியானம் முழுக்க ஸ்கேட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பூட் படியாது, பசைதான் விடும்.

இரண்டாவது, முட்டுகிற இடம். மகளின் பூட் எல்லாம் சரியாக இருந்தும் வலது காலில் ஒரே இடத்தில், சுண்டுவிரல் மூட்டில் மட்டும் குத்தியது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, சக்கரம் வெச்ச பூட்ஸா?"

"ஆமாங்கய்யா, பாப்பா இதப் போட்டு ஹாக்கி ஆடுறா. சுண்டுவெரலுகிட்ட முட்டுதுங்குறா."

"எங்க முட்டுதுன்னு நீ சொன்னா ஆச்சா? கண்ணு, நீ காலக் காட்டு சாமி."

காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். அவள் "ஸ்ஸ்" என்ற இடத்தில் நிறுத்தினார். அடையாளம் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையில் கோட்டை மாரியம்மன் கோயில் குங்குமப் பொட்டலம்தான் இருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து அந்த எலும்பு முனையில் ஒரு பொட்டு வைத்து, பூட்டைப் போட்டு எழுந்து நிற்கச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் உள்துணியில் சிவப்பாக அடையாளம். துல்லியமாக அந்த இடத்தில், உள்ளேயிருந்து உருண்டை முனை இரும்பை வைத்து நெம்பி, மரக்கட்டை ஒன்றைத் திணித்து, "ரெண்டு நாளு உள்ளயே கெடக்கட்டும், எடுத்துராத" என்றார். குதிகால் பக்கமும் கொஞ்சம் பார்க்கச் சொன்னேன். விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டார். "இது தோலு இல்லம்மா, ஏதோ பிளாஸ்டிக்கு. நெம்புனா வெடிச்சுப்போயிரும். அந்த எடம் அப்படியே இருக்கட்டும்." செய்யத் தெரிந்ததை மட்டும் செய்து, தெரியாததைத் தொடாமல் விட்டவர். வெளிநாட்டு ஸ்கேட் கடைகளில் லிப்ஸ்டிக்கை வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பூட் தொளதொளவென்று இருந்தால் ரெண்டு சாக்ஸ் போடச் சொல்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. கொப்புளம் வருவதுதான் மிச்சம். மெல்லிய சாக்ஸ் ஒன்று, அது காய்ந்ததாக இருக்க வேண்டும். சாக்ஸெல்லாம் ஒரு விஷயமா என்பவர்களுக்கு நம் மாவட்டத்துக்காரரையே சாட்சி சொல்கிறேன். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். அடுத்த டோக்கியோவில், 2021 ஆகஸ்ட் 31, மழையில் இறுதிப் போட்டி. ஊனமுற்ற காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டதால் தாண்டுவது சிரமமாகிவிட்டது என்று போட்டி முடிந்ததும் சொன்னார். 1.86 மீட்டர், வெள்ளி. தங்கம் போனது 1.88 தாண்டியவருக்கு.

புதுப் பூட்டை எடுத்த எடுப்பில் மைதானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் மிதியடி விரித்து அதன்மேல் கொஞ்ச நேரம் நிற்க, உட்கார, முட்டி மடக்க விடுங்கள். கழற்றியதும் காலைப் பாருங்கள். பாதம் முழுக்க லேசாகச் சிவந்திருந்தால் அது பிடிமானம். ஒரே இடத்தில் ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தால் அங்கே வேலை இருக்கிறது. சுற்றிலும் இறுக்கமாக இருக்கிறது, கணுக்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது, இதெல்லாம் ஆட ஆடச் சரியாகும். விரல் மரத்துப் போவது, எலும்பு மேல் குத்துவது, விரல் சுருள்வது, இவையெல்லாம் ஆகாது. "போடப் போடப் பழகிடும்" என்ற வாக்கியத்தை இரண்டு வகைக்கும் ஒன்றாகச் சொல்லிப் பிள்ளைகளை அழவிட வேண்டாம்.

லேஸிலும் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் தேவையில்லை. விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாக, கணுக்கால் மடங்குகிற இடத்தில் நல்ல இறுக்கமாக, மேலே மறுபடி முட்டி மடக்க வசதியாக. இறுக்கமாக இழுத்தபடி பிடித்துக்கொள்ளும் மெழுகு லேஸ் கிடைத்தால் நல்லது. மீதி லேஸைக் கணுக்காலைச் சுற்றி வளைத்துக் கட்டுகிற பழக்கம் பல பிள்ளைகளிடம் இருக்கிறது, பெரும்பாலும் அது பூட் பெரிசு என்பதற்கு அடையாளம்.

ஆடி முடித்ததும் இன்சோலை வெளியே எடுத்து நிழலில் காயவையுங்கள். நம் ஊர் வேர்வைக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும், நாற்றத்துக்கு வீட்டில் சண்டையும் வரும்.

லடாக்கை நினைத்தால் நமக்கெல்லாம் குறை சொல்ல வாயே வராது. ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு வைத்து ஐஸ் ஹாக்கி ஆடத் தொடங்கியவர்கள் என்று அங்குள்ள மூத்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள். யாரோ கொடுத்த, அளவு சேராத ஸ்கேட்டில் கற்றுக்கொண்ட பெண்கள் ஏராளம். லடாக் பெண்களே நிறைந்த இந்திய அணிதான் 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது. அளவு சேராத பூட்டிலும் ஆடலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழியில்லாமல் ஆடினார்கள். நமக்கு அளவெடுக்கத் தாளும் பென்சிலும் இருக்கிறது.

காசு விஷயத்துக்கு வருகிறேன், கடைசியில் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். நல்ல இறக்குமதி ஹாக்கி பூட் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. பிள்ளையின் கால் ஒரு வருஷத்தில் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் பெரிசாக வாங்கத் தோன்றுகிறது, புரிகிறது. என் முடிவு இது: விலை குறைந்த மாடலாக இருக்கட்டும், பழசாகக்கூட இருக்கட்டும், அளவில் மட்டும் இறங்காதீர்கள். சக்கரமும் பேரிங்கும் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பூட் சரியாக இருந்தால் இரண்டாவது பிள்ளையின் காலுக்கும் அது உழைக்கும், கணுக்கால் பக்கம் துவண்டு மடங்காமல் இருக்கிறதா என்று மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன ஸ்கேட் கிடந்தால், தயவுசெய்து பக்கத்தில் இருக்கிற ஸ்கேட்டிங் வகுப்பில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது நாக்கின் உள்பக்கம் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அது எத்தனை மில்லிமீட்டர் நீளம், எத்தனை அகலம் உள்ள காலுக்குச் சரியாக இருந்தது என்று பேனாவில் எழுதிக் கொடுங்கள். வாங்கிக்கொள்கிற அம்மாவுக்கு அந்த இரண்டு எண்ணும்தான் வேண்டும்.